பட்டறை மேசைக்குத் திருகு கால்: வீட்டில் செய்ய எந்தப் பொருள் எடுப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த்தில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடு, கார் போர்ச்சில் பட்டறை. பிறையில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் பல வருடம் இருந்தவன் என்பதால், அக்கம்பக்கத்தில் யாருடைய மேசை ஆடினாலும் முதலில் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். மேசைக் காலுக்கு அடியில் ஒரு போல்ட்டையும் ஒரு வட்டத்தையும் வைத்து, திருகித் திருகி உயரத்தைச் சரிசெய்யும் குட்டைக் கால் பற்றித்தான் கேள்வி. அதைத் திருகு கால் என்றே எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணே, வளவளவென்று வேண்டாம். எதை வாங்க, சொல்லுங்கள்.

சரி. கால்வனைஸ் பூசிய எம்12 (12 மி.மீ. தடிமன்) போல்ட், 50 மி.மீ. அகலத்தில் வெட்டிய எச்டிபிஇ பிளாஸ்டிக் வட்டம், அதன் அடியில் 3 மி.மீ. நைட்ரைல் ரப்பர். டைல் போட்ட போர்ச்சிலோ சிமென்ட் தரையிலோ மேசை வைத்திருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது போதும். மீதி இரண்டு பேருக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். எல்லாரும் மேசையைப் பார்த்துக் காலுக்குப் பொருள் தேடுகிறார்கள். தரையைப் பார்த்துத் தேட வேண்டும். வீட்டு மேசையில் கால் உடைந்து நான் பார்த்ததே இல்லை. வழுக்கியது, நசுங்கித் தட்டையானது, துருப்பிடித்து இறுகியது, டைலில் கறை பிடித்தது, இவைதான் பார்த்தவை. நாலுமே போல்ட்டின் பலத்துக்குச் சம்பந்தமில்லாதவை.

கடையில் ரெடிமேடாக விற்கிறதே, அதை வாங்கினால் ஆகாதா?

ஆகும். வீட்டுக்குள் சமமான தரை, சின்ன மேசை என்றால் வாங்கிவிடுங்கள், நேரம் மிச்சம். ஆனால் சாதாரண ஹார்ட்வேர் கடையில் தொங்குவதில் பெரும்பாலும் எம்8 கம்பி, 30 மி.மீ. வட்டம், அலமாரிக்கும் கடை ரேக்குக்கும் செய்தது. வைஸ் (சாமானைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி) மாட்டி இரும்பை அறுக்கும் மேசைக்கு அது ஒட்டாது. கனமானது தொழிற்சாலைச் சாமான் விற்கும் இடங்களில் கிடைக்கும். நாலு கால் வாங்கும் விலையைக் கேட்டதும் திரும்பி வந்து என்னிடம் ஹோல் சா (வட்டமாக அறுக்கும் டிரில் பிட்) இரவல் கேட்டவர்கள் உண்டு.

எவ்வளவு எடை தாங்க வேண்டும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மேசை, வைஸ், மேலே கிடக்கும் சாமான், அதில் ஏறி நின்று பல்பு மாற்றும் நீங்கள், எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். நாலால் வகுத்து 75 என்று எழுதாதீர்கள். தரை சமமில்லாதபோது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களே மொத்தச் சுமையையும் ஏற்கும். மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரு காலுக்கு 150 கிலோ.

50 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு சதுர செ.மீ.க்கு 7.5 கிலோ சொச்சம். எச்டிபிஇ நசுங்கத் தொடங்குவது ஒரு சதுர செ.மீ.க்கு 250 கிலோ அளவில். எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். சாதாரண எம்12 போல்ட் 2 டன்னுக்கு மேல் தாங்கும். பலம் பிரச்சினையே இல்லை என்று சொன்னது இதனால்தான்.

ஆனால் வட்டமே இல்லாமல் போல்ட்டின் நுனியை டைலில் ஊன்றினால், அதே 150 கிலோ ஒரு சதுர செ.மீ. இடத்தில் இறங்கும். அடியில் சிமென்ட் சரியாக நிரம்பாத டைலைத் தட்டினால் 'டொக் டொக்' என்று காலிச் சத்தம் வரும், தெரியும்தானே? அந்த டைல் பிளந்துவிடும். அகலக்கால் வைக்காதே என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது மனிதர்களுக்கு. மேசை தாராளமாக வைக்கலாம்.

போல்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

அளவுக் குழப்பத்தை முதலில். இங்கே பழைய கடைகளில் அங்குலப் போல்ட்டும் மில்லிமீட்டர் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்து டின்களில் கிடக்கும். தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) 'அரை இஞ்சி' என்று கேட்டால் 12.7 மி.மீ. தருவார். எம்12 நட்டு அதில் ஏறாது. அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஏமாற்றுவது எம்10 நட்டும் 3/8 அங்குலப் போல்ட்டும்தான். இரண்டின் புரி இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று: ஒன்றுக்கு 1.5 மி.மீ., மற்றதுக்கு 1.59. விரலாலேயே சில சுற்று ஏறும், 'சரியாகத்தான் இருக்கிறது' என்று தோன்றும், கொஞ்சம் லொடலொடக்கும். அப்புறம் ஒரு நாள் வைஸில் முழு பலத்தோடு இழுக்கும்போது புரி வழுகும். சீலிங் தொங்கவிடும், புரி வெட்டிய நீளக் கம்பி பல இடங்களில் 3/8 அங்குலம்தான். மிச்சத் துண்டை யாராவது இலவசமாகக் கொடுத்தால் நட்டையும் அதே ஆளிடம் வாங்குங்கள்.

எம்12 ஏன் என்றால், எடைக்காக அல்ல, இழைப்புளி தள்ளும்போது பக்கவாட்டில் வளையாமல் இருக்க. வெளியே தெரியும் போல்ட் நீளத்தை 30 மி.மீ.க்குள் வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேசைக் காலுக்கு அடியில் கட்டையைச் சேர்ப்பது மேல். எம்12-இல் ஒரு முழுச் சுற்று 1.75 மி.மீ. ஏற்றும். காலைக் கால் சுற்று திருகினால் (தமிழ் அப்படி, என்ன செய்வது) 0.44 மி.மீ. மேசையைச் சமன் செய்ய அந்த நுணுக்கம் போதும்.

பூச்சு விஷயம். மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளபளக்கும் மெல்லிய துத்தநாகப் பூச்சு, வீட்டுக்குள் சரி. போர்ச்சை ஹோஸ் பிடித்துக் கழுவும் வீட்டில் நிற்காது. சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த, பார்க்க மங்கலாகச் சொரசொரப்பாக இருக்கும் கால்வனைஸ் வாங்குங்கள். பூச்சு தடிப்பாக இருப்பதால் அதற்கென்று பெரிதாகப் புரி வெட்டிய நட்டு உண்டு, சேர்த்தே கேளுங்கள்.

தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் கேட்பார்கள். 304 ரகத்தைவிட 316 ரகம் உப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைச் சுமையோடு திருகினால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கடித்தால் அவ்வளவுதான், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் ஒன்றை அப்படி இழந்திருக்கிறேன். கிரீஸ் தடவாமல் திருகாதீர்கள். மேசையைச் சற்றுத் தூக்கி, சுமையை எடுத்துவிட்டுத் திருகுங்கள்.

வட்டத்துக்கு எந்தப் பிளாஸ்டிக்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

எச்டிபிஇ என்பது சமையலறையில் காய் வெட்டும் வெள்ளைப் பலகை. சந்தையில் கோழி வெட்டுபவர் வைத்திருப்பாரே, தடித்த பலகை, அதுவும் பெரும்பாலும் இதே குடும்பம். 20 மி.மீ. தடிமனில் ஒரு பலகை வாங்கினால் நாலு கால் போக மீதியும் இருக்கும். தண்ணீர் குடிக்காது, எண்ணெய்க்கு அசையாது, மரம் அறுக்கும் கருவியே இதையும் அறுக்கும். குறை இரண்டு: டைலில் வழுக்கும், எந்தப் பசையும் இதில் ஒட்டாது. அடியில் ரப்பர் வைக்க வேண்டுமானால் பசையை நம்பாமல், ரப்பர் உட்காரும்படி 1 மி.மீ. பள்ளம் எடுத்து அழுத்திவிடுங்கள்.

நைலான் இன்னும் கெட்டி. பழைய சாமான் கடையில் உருளைத் துண்டுகளாகக் கிடைக்கும். லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போய் நிதானமாகக் கிளறினால் சில நாள் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 முழுதாக ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை உறிஞ்சும், உப்பும். நம் ஊர்க் காற்றின் ஈரமே அதை ஓரளவு உப்பவைக்கும். நைலானுக்குள் நேரடியாகப் புரி வெட்டி போல்ட்டை இறுக்கமாகப் பொருத்தினால், மழைக்காலத்தில் திருக முடியாமல் போகும். துளையைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

அசிட்டல் கிடைத்தால் யோசிக்காதீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் போலக் கெட்டி, தண்ணீர் ஏறக்குறைய குடிக்காது, கடைசலில் வெண்ணெய் போல வெட்டுப்படும். விலை கூடுதல். பார்க்க இரண்டும் ஒரே வெள்ளை என்பதால் பழைய சாமான் கடைக்காரருக்கே வித்தியாசம் தெரியாது.

பிவிசி குழாயின் மூடி? 2 அங்குல மூடிக்குள் போல்ட் தலையை வைத்து எபாக்சிப் பசை ஊற்றிச் செய்தவர் ஒருவர் எங்கள் வரிசையில் இருக்கிறார். நன்றாகவே நிற்கிறது. வெயில் நேராக அடிக்கும் இடத்தில் மட்டும் மூடி நாளடைவில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

பலகையிலிருந்து வட்டம் எடுப்பது எப்படி?

வரிசை முக்கியம். பலரும் ஆர்வத்தில் முதலில் ஹோல் சாவால் வட்டத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டியதும் நடுவில் ஒரு துளை வந்துவிடும். பிறகு போல்ட் தலைக்குப் பள்ளம் எடுக்க அகல டிரில் பிட்டுக்கு ஊன்ற இடம் இருக்காது, பிட் அலையும். ஆகவே முதலில் பள்ளம், பிறகு அதன் மையப் புள்ளியில் ஹோல் சாவின் பிட்டை வைத்து வட்டம்.

எம்12 போல்ட்டின் தலை 7.5 மி.மீ. உயரம், மூலைக்கு மூலை 22 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. 22 மி.மீ. பிட்டால் 3 மி.மீ. ஆழம் மட்டும் எடுங்கள். தலை முழுதும் புதைந்துவிட்டால் ஸ்பேனர் எங்கே பிடிக்கும்? 3 மி.மீ. உள்ளே, 4.5 மி.மீ. வெளியே. தலை கீழ்நோக்கி வட்டத்தில் உட்கார்ந்திருக்க, புரிப் பக்கம் மேசைக் காலுக்குள் ஏறும். போல்ட் சுற்றும்போது வட்டம் தரையோடு நிற்க வேண்டும், கூடவே சுற்றக் கூடாது. அதற்குப் பள்ளத்தில் ஒரு துளி கிரீஸ்.

நீளக் கம்பியை வெட்டிப் பயன்படுத்துவதாக இருந்தால், வெட்டும் முன்பே ஒரு நட்டைக் கம்பியில் ஏற்றிவிடுங்கள். ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ஓரத்தைத் தேய்த்த பிறகு அந்த நட்டைக் கழற்றுங்கள். வெளியே வரும்போது அதுவே நசுங்கிய புரியைச் சரிசெய்துவிடும்.

ரப்பர் நம் ஊர்ப் பொருள்தானே, முழுக் காலையும் ரப்பரிலேயே செய்தால்?

ஆசை நியாயம்தான். நம் பாட்டன்மார் பால் வெட்டிய மரம். ஆனால் ரப்பருக்கு ஒரு குணம்: சுமையை வைத்துவிட்டு மறந்தால் மெல்ல மெல்ல நசுங்கி, அந்த வடிவத்திலேயே தங்கிவிடும். தடிப்பாக இருந்தால் இன்னும் மோசம். இழைப்புளி தள்ளும்போது மேசை படகு மாதிரி அசையும். ஆகவே ரப்பரின் வேலை பிடிமானம் மட்டும், 3 மி.மீ. போதும். உயரத்தைக் கெட்டிப் பொருளிடம் விடுங்கள்.

என் முதல் முயற்சியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கிடந்த பழைய ஜப்பான் சிலிப்பரை வட்டமாக வெட்டி, நாலு காலுக்கும் இரண்டடுக்கு ஒட்டினேன். முதல் நாள் பிரமாதம், சத்தமே இல்லை. இரண்டு மாதத்தில் வைஸ் இருந்த மூலை மட்டும் அமுங்கி, பென்சிலை வைத்தால் அந்தப் பக்கமே ஓடியது. எடுத்துப் பார்த்தால் அப்பளம் போல இருந்தது. நுரைப் பொருள் எதுவும் இதற்கு ஆகாது. யோகா பாயும் அப்படித்தான், அதை வெட்ட வேண்டாம்.

எந்த ரப்பர் என்றால், எண்ணெய் சிந்தும் இடத்துக்கு நைட்ரைல். இயற்கை ரப்பர் என்ஜின் ஆயில் பட்டால் ஊதி மெத்தென்று ஆகிவிடும். வெயிலும் மழையும் மட்டும்தான், எண்ணெய் இல்லை என்றால் இபிடிஎம் என்ற ரப்பர், தாங்கும். கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே துணி அடுக்கு இருப்பதால் பக்கவாட்டில் பிதுங்காது. என் மேசைக்கு அடியில் இப்போது இருப்பது அதுதான்.

டயர் துண்டு வேண்டாம். டைலில் கறுப்பாக அடையாளம் விடும். வினைல் தரை போட்ட அறையானால் எந்த ரப்பரையும் நேராக வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் பழுப்பாகக் கறையாகும். துடைத்தால் போகாத கறை. அந்த இடத்தில் வெறும் எச்டிபிஇ வைத்தால் போதும்.

மரத்துண்டு?

செங்கால் மரத்துண்டு கிடைத்தால் தாராளமாக. கனமீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடை, கறையான் லேசில் தொடாது. திரங்கானுவில் படகு கட்டிய மரம் அது. மெர்பாவ் கெட்டியானது, ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் இறக்கும். போர்ச் டைலின் இடுக்கெல்லாம் தேநீர் கொட்டியது போல ஆகிவிடும். ஈரத்தில் இரும்பு போல்ட் பட்ட இடமோ கறுக்கும். ரப்பர் மரமும் மெராந்தியும் தரையைத் தொடவே கூடாது.

இன்னொரு காரணத்துக்காகவும் திருகு காலைப் பரிந்துரைக்கிறேன். மரக் காலின் வெட்டுமுனை தரையில் இருந்தால் தண்ணீரை ஸ்ட்ரா போல மேலே இழுக்கும். சாரல் அடிக்கும் போர்ச்சில் கால்கள் கீழிருந்து உளுத்துப்போவது அப்படித்தான். 20 மி.மீ. தூக்கி நிறுத்தினாலே ஆயுள் கூடும். வெட்டுமுனைக்குப் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள்.

3டி பிரிண்டரில் அடித்துக் கொள்ளலாமா?

பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரி பக்கம் வந்தாலே இளகும், அதற்குக் கீழேயும் தொடர்ந்து சுமை இருந்தால் மெல்லத் தொய்யும். தகரக் கூரைக்கு அடியில் மதியம் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். பிஇடிஜி பிளாஸ்டிக் பரவாயில்லை, உள்ளே காலி விடாமல் முழுதாக நிரப்பி அடியுங்கள். ரப்பர் போல வளையும் டிபியூவில் அடியொட்டும் வட்டம் மட்டும் செய்தால் நன்றாகவே பிடிக்கிறது.

வெல்டிங் மேசைக்கு?

இரும்பு வட்டம். 6 மி.மீ. தகட்டில் வெட்டி, ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் பொறி பட்டால் எரியும், உருகும். அலுமினியமும் சரி, ஆனால் கடற்காற்றில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்த்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகக் கொட்டும்.

என் போர்ச் கேட் பக்கம் சரிகிறது. வட்டம் ஒரு ஓரத்தில் மட்டும் தொடுகிறதே?

தண்ணீர் ஓட வேண்டுமே, சரிந்துதான் இருக்கும். என் வீட்டில் மேசையின் 600 மி.மீ. ஆழத்துக்கு 8 மி.மீ. இறக்கம். தட்டையான வட்டத்தை நேரான போல்ட்டில் இறுக்கிப் பூட்டினால் ஒரு விளிம்பே எல்லாவற்றையும் சுமக்கும். வட்டம் எல்லாப் பக்கமும் சாய வேண்டும்.

வீட்டில் செய்ய எளிய வழி தொப்பி நட்டு. தலை உருண்டையாக மூடியிருக்கும், கேட்டுகளில் பார்த்திருப்பீர்கள். எம்12 கம்பியின் கீழ்முனையில் ஒரு சாதாரண நட்டை ஏற்றி, அதன் கீழே தொப்பி நட்டை ஏற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்குங்கள். பிளாஸ்டிக் வட்டத்தின் நடுவில் கூம்பாகக் குடையும் கவுன்டர்சிங்க் பிட்டால் 90 டிகிரிக் குழி. உருண்டை அந்தக் குழியில் உட்கார்ந்தால் கணுக்கால் மாதிரி எந்தப் பக்கமும் திரும்பும். இறுக்கிய நட்டே ஸ்பேனர் பிடிக்க இடமும் ஆகிவிடுகிறது. ஒரே தொல்லை, மேசையைத் தூக்கினால் வட்டம் தரையிலேயே தங்கிவிடும். நகர்த்தும்போது பொறுக்கிக்கொள்ளுங்கள்.

மரக் காலுக்குள் நட்டை எப்படி நிறுத்துவது?

மரத்தில் அடித்து இறக்கும், பல் வைத்த டி-நட்டை மரக் காலின் வெட்டுமுனையில் அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். எனக்குப் பிடித்தது: காலின் அடியில் 5 மி.மீ. இரும்புத் தகட்டை நாலு ஸ்குரூவால் மாட்டி, அதில் நட்டை வெல்டு வைப்பது. போல்ட் மேலே ஏற மரத்தில் 14 மி.மீ. துளை. வெல்டு வசதி இல்லையென்றால் காலின் பக்கத்திலிருந்து ஒரு சதுரக் குழி எடுத்து நட்டைச் செருகிவிடலாம். நட்டு அங்கேயே மாட்டிக்கொண்டு சுற்றாது. தகடோ குழியோ, காலின் அடியில் இன்னொரு நட்டைப் போட்டு மேல்நோக்கி இறுக்குங்கள். ஆட்டத்தில் பாதி அந்தப் பூட்டு நட்டு இல்லாததால் வருவது.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டில் இருக்கிறேன். சிவப்பு ஓட்டுத் தரை.

அந்தச் சுட்ட களிமண் ஓடுகள் மேடும் பள்ளமுமாக இருக்கும், எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும், மாற்று கிடைப்பதும் சிரமம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் என்றால் வீட்டுக்காரர் இன்னும் கறாராக இருப்பார். 80 மி.மீ. வட்டம், தொப்பி நட்டு, அடியில் கெட்டியான கம்பளித் துணி. ரப்பர் வேண்டாம், ஈரத்தை அடியில் பூட்டிவைக்கும்.

மேசை ரசமட்டத்தில் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டுமா?

இல்லை. ஆடக் கூடாது, மேற்பலகை முறுக்கிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அரை டிகிரி சரிவில் மேசை நின்றால் மரத்துக்கு ஒன்றும் தெரியாது. டிரில் பிட் உருண்டு ஓடுவது எரிச்சல் என்றால் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் குறுக்குவாட்டில் ஒரு முனை, அப்புறம் மறுமுனை, கடைசியில் நீளவாட்டில். மூன்று காலை வைத்துச் சமன் செய்துவிட்டு நாலாவதைத் தரையைத் தொடும்வரை மட்டும் இறக்குங்கள். நாலையும் ஒரே நேரத்தில் திருகத் தொடங்கினால் பொழுது போய்விடும்.

செய்து முடித்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

முதல் வாரம் ரப்பர் அமரும், அப்போது ஒருமுறை. ஒரு மாதம் கழித்து இன்னொருமுறை. பிறகு மேசையை நகர்த்தினால் மட்டும். கண்ணால் பார்த்துத் தெரியாது. பழைய ரசீது ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு வட்டத்துக்கு அடியிலும் ஓரத்தில் நுழைத்து இழுங்கள். எந்தக் காலடியிலிருந்து சீட்டு நோகாமல் வருகிறதோ, அந்தக் கால் வேலை செய்யவில்லை. அதைக் கால் சுற்று இறக்கிவிட்டுப் பூட்டு நட்டை இறுக்குங்கள்.